ஊர்ல சும்மா நிக்கிற காருக்கு நிரந்தரமா ஒரு சார்ஜர் மாட்டி வைக்கிறது எப்படி

ஊர்ல அப்பா அம்மா மட்டும் இருக்கிற வீடு, போர்டிகோல ஒரு கார் கவர் போட்டு நிக்கும். பொங்கலுக்கு, கோயில் கொடைக்கு, சொந்தத்துல ஒரு கல்யாணம்னா வெளிய வரும், மத்தபடி அது அங்கேயே தூங்கும். இந்த மாதிரி வண்டில முதல்ல போறது பேட்டரிதான். லீவுக்கு வந்து சாவிய திருப்பினா டிக் டிக்னு சத்தம் மட்டும் வரும், செல்ஃப் எடுக்காது, அப்புறம் அடுத்த தெருவுல இருந்து ஒரு வண்டிய கொண்டாந்து ஒயர் போட்டு ஸ்டார்ட் பண்றது, இல்ல நாலு பேர் சேர்ந்து தள்றது. லீவு நாள்ல அத சமாளிச்சுடலாம். ஆனா நடுராத்திரி அப்பாவுக்கு மூச்சுத் திணறல், பக்கத்து வீட்டு தம்பி ஓட்டறதுக்கு ஓடி வந்து நிக்கிறான், அப்ப வண்டி டிக் டிக்னு சொன்னா என்ன பண்றது? ஆட்டோ கிடைக்காத ஊர்ல காரை வச்சிருக்கிறதே அந்த ஒரு ராத்திரிக்காகத்தான்.

அதனால நான் எல்லார்கிட்டயும் சொல்றது, வண்டில ஒரு சின்ன ஒயர் வேலைய ஒரே ஒரு தடவை ஒழுங்கா செஞ்சு வச்சிடுங்க, அதுக்கப்புறம் பானட்டையே தொடாம, அம்மாவே செல்போன் சார்ஜர் சொருகுற மாதிரி ஒரு பிளக்க சொருகிட்டா போதும்ங்கிற நிலைமைக்கு கொண்டு வந்துடுங்க. ஸ்பானர் பிடிக்கத் தெரிஞ்சவங்க அரை நாள்ல முடிச்சிடலாம், இல்லாட்டி இத படிச்சுட்டு உங்க ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட பக்கத்துல நின்னு செய்யச் சொல்லுங்க.

முதல்ல ஏன் உக்காருதுனு பாத்துடலாம். வண்டி பூட்டி நின்னாலும் உள்ள எல்லாம் அணைஞ்சிடாது. ரிமோட் லாக், அலாரம், கடிகாரம், இன்ஜின் கம்ப்யூட்டரோட மெமரி, ஜிபிஎஸ் டிராக்கர் போட்டிருந்தா அது, எல்லாம் சேர்ந்து எப்பவும் கொஞ்சம் கரன்ட் இழுத்துக்கிட்டேதான் இருக்கும். நல்லா இருக்கிற கார்ல இது 20-ல இருந்து 50 மில்லி ஆம்பியருக்குள்ள இருக்கும். 30-னே வச்சுக்குவோம், ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர் ஹவர் (பேட்டரில எவ்வளவு சார்ஜ் பிடிக்கும்ங்கிறதுக்கான அளவு, சுருக்கமா ஏஎச்), ஒரு மாசத்துக்கு கிட்டத்தட்ட 22. சின்ன பெட்ரோல் கார்ல இருக்கிறதே 35 ஏஎச் பேட்டரி, அதாவது ஒரு மாசத்துலயே பாதிக்கு மேல காலி. இதுபோக பேட்டரி தானாவே கொஞ்சம் கொஞ்சமா இறங்கும், வெயில் ஏற ஏற அது இன்னும் வேகமாகும், சுமாரா 10 டிகிரி கூடினா ரெண்டு மடங்கு. மே மாசத்துல மதுரை, திருநெல்வேலி பக்கம் தகரக் கூரை ஷெட்டுக்குள்ள நிக்கிற வண்டிய நினைச்சுப் பாருங்க.

இறங்கினா திரும்ப ஏத்திக்கலாம்தானேனு தோணும். இறங்குறத விட, இறங்கின நிலையிலயே கிடக்கிறதுதான் பேட்டரிய கொல்லுது. சார்ஜ் இறங்கும்போது உள்ள இருக்கிற ஈயத் தகடு மேல லெட் சல்ஃபேட் படியும், உடனே சார்ஜ் ஏத்தினா அது கரைஞ்சு போயிடும், வாரக்கணக்குல அப்படியே விட்டா கெட்டியான படிகமா மாறி, அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் கரையாது. அதனாலதான் நாலஞ்சு வருஷம் வரவேண்டிய பேட்டரி ஊர்ல நிக்கிற வண்டில ஒன்றரை வருஷத்துல போயிடுது, கடைக்காரர்கிட்ட கேரண்டிக்கு எடுத்துட்டு போனா கஸ்டமர் யூஸ் பண்ணல, டீப் டிஸ்சார்ஜ் (அடியோட இறங்கிப் போச்சு)னு எழுதிக் கொடுத்துடுவாங்க.

வாரத்துக்கு ஒருதரம் பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி ஓட விடுங்கனு எல்லாரும் சொல்லுவாங்க, அப்பாவும் பாவம் அதை ஒழுங்கா செஞ்சுட்டிருப்பாரு. கணக்கு போட்டுப் பாருங்க. வாரத்துக்கு வண்டி இழுக்கிறது 5 ஆம்பியர் ஹவர். வண்டி நின்ன இடத்துல ஓடும்போது ஆல்டர்னேட்டர் (இன்ஜின் சுத்தும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துறது) ஒரு 15 ஆம்பியர் உள்ள தள்ளுதுனு தாராளமா வச்சாலும் பத்து நிமிஷத்துல ஏறுறது 2.5-தான். அதுலயும் ஏசியோ லைட்டோ ஓடினா அதுவும் இல்ல. வாரா வாரம் ஸ்டார்ட் பண்ணியும் பேட்டரி கீழதான் போயிட்டிருக்கும், கூடவே இன்ஜின் சூடே ஏறாம ஆஃப் பண்றதுனால சைலன்சர்ல தண்ணி நின்னு துருப்பிடிக்கும், ஆயில்ல பெட்ரோல் கலக்கும். ஸ்டார்ட் பண்ணினா அரை மணி நேரமாவது ரோட்ல ஓட்டணும், இல்லாட்டி ஸ்டார்ட் பண்ணாம இருக்கிறதே நல்லது.

சார்ஜர் வாங்கறதுக்கு முன்னாடி பேட்டரி உயிரோட இருக்கானு பாருங்க

செத்த பேட்டரிக்கு நிரந்தர சார்ஜர் மாட்டுறது ஆபத்து. உள்ள ஒரு செல் ஷார்ட் ஆகியிருந்தா சார்ஜர் எவ்வளவு கொடுத்தாலும் ஃபுல்லே ஆகாது, கரன்ட் போயிட்டே இருக்கும், பேட்டரி சூடாகிட்டே இருக்கும், ஆளில்லாத நேரத்துல அது நடக்கக் கூடாது. முதல்ல கடைல கொடுத்தோ யார்கிட்டயாவது சார்ஜர் வாங்கியோ ஃபுல் சார்ஜ் பண்ணுங்க, கழட்டி ஒரு ராத்திரி முழுக்க சும்மா வைங்க, காலைல மல்டிமீட்டர் (வோல்டேஜ், கரன்ட் அளக்குற மீட்டர்) வச்சுப் பாருங்க. 12.6 வோல்ட்டுக்கு மேல இருந்தா நல்லது. 12.4-னா முக்கால்வாசி, 12.2-னா பாதி, 12-க்கு வந்துட்டா கிட்டத்தட்ட கால்வாசிதான் மிச்சம். ஃபுல் சார்ஜ் போட்டும் மறுநாள் 12.4-க்கு கீழ நின்னா அந்த பேட்டரிய மாத்திட்டுதான் இந்த வேலைல இறங்கணும். வண்டில மாட்டி செல்ஃப் அடிக்கும்போதும் பக்கத்துல ஒருத்தர நிக்கச் சொல்லி மீட்டர பாக்கச் சொல்லுங்க, அப்ப 9.6-க்கு கீழ விழுந்தாலும் சந்தேகம்தான்.

அப்படியே வண்டி எவ்வளவு இழுக்குதுங்கிறதையும் அளந்துடலாம். மல்டிமீட்டர்ல சிவப்பு ஒயர 10 ஆம்பியர் ஓட்டைல மாத்தி, பேட்டரியோட நெகட்டிவ் கிளாம்ப கழட்டி, கிளாம்புக்கும் டெர்மினலுக்கும் நடுவுல மீட்டர் வர்ற மாதிரி பிடிக்கணும். கதவெல்லாம் மூடி, சாவி வெளிய எடுத்து, ஒரு அரை மணி நேரம் விட்டுட்டுதான் படிக்கணும், ஏன்னா ஒவ்வொரு கம்ப்யூட்டரா தூங்கப் போக நேரம் எடுக்கும், ஆரம்பத்துல ரெண்டு மூணு ஆம்பியர் கூட காட்டும், பயப்பட வேண்டாம். மீட்டர் நடுவுல இருக்கும்போது கதவ திறக்கவோ ஸ்டார்ட் பண்ணவோ கூடாது, மீட்டர் ஃபியூஸ் போயிடும். 50 மில்லி ஆம்பியருக்கு மேல நிரந்தரமா காட்டினா எங்கயோ பிரச்சனை, பெரும்பாலும் வெளிய மாட்டின மியூசிக் சிஸ்டம், டிராக்கர், டிக்கி லைட் சுவிட்ச் இதுல ஒண்ணாத்தான் இருக்கும், அத சரி பண்ணிட்டு வாங்க.

எந்த சார்ஜர்

பழைய மாடல் இருக்கு, உள்ள டிரான்ஸ்ஃபார்மரும் டயோடும் மட்டும் இருக்கும், ஒரு ஆம்பியர் முள்ளு இருக்கும், கடைல எல்லாம் அதத்தான் வச்சிருப்பாங்க. அது தானா நிக்காது. ஃபுல் ஆனப்புறமும் தள்ளிக்கிட்டே இருக்கும், பேட்டரில தண்ணி கொதிச்சு வத்திடும். அத நிரந்தரமா மாட்டவே கூடாது. வீட்டு இன்வெர்ட்டரையும் இதுக்கு யோசிக்காதீங்க, அது 150 ஏஎச் டியூபுலர் பேட்டரிக்காக செட் பண்ணினது, அது தள்ளுற கரன்ட் 35 ஏஎச் கார் பேட்டரிக்கு ரொம்ப அதிகம்.

நமக்கு வேண்டியது ஸ்மார்ட் சார்ஜர், பேட்டரி மெயின்டெய்னர்னு தேடினா வரும். 14.4 வோல்ட் வரைக்கும் ஏத்தி, பேட்டரி நிறைஞ்சதும் கரன்ட குறைச்சு, அப்புறம் 13.5 பக்கத்துல பிடிச்சு வச்சுக்கும், சிலது முழுசா ஆஃப் ஆகி வோல்டேஜ் இறங்கினா திரும்ப ஆரம்பிக்கும், ரெண்டுமே ஓகேதான். பாஷ் சி3, நோகோ ஜீனியஸ், சிடெக்னு நிறைய வருது. சும்மா நிக்கிற வண்டிக்கு 1 ஆம்பியரே தாராளம், வண்டி இழுக்கிறது 0.03 ஆம்பியர்தானே. ஆனா ஒரு தடவை எடுத்துட்டு போயி ரெண்டு நாள்ல திரும்ப நிறுத்தினா சீக்கிரம் ஏறட்டும்னா 4 ஆம்பியர் வாங்குங்க, 35 ஏஎச் பேட்டரிக்கு அது சரியான அளவு, பேட்டரி ஏஎச்ல பத்துல ஒரு பங்குங்கிறதுதான் பழைய கணக்கு.

நம்ம ஊருக்குனு பாக்க வேண்டியது ரெண்டு இருக்கு. முதலாவது, கரன்ட் போயிட்டு வந்தா சார்ஜர் தானா மறுபடி ஆரம்பிக்கணும். நிறைய சார்ஜர்ல பட்டன அமுக்கி மோட் செலக்ட் பண்ணினாத்தான் ஓடும், கரன்ட் போயிட்டு வந்தா திரும்ப ஸ்டேன்ட்பைக்கு போயி சும்மா உக்காந்துடும், லைட் மட்டும் எரியும், சார்ஜ் ஏறாது. மாசாந்திர பராமரிப்புனு ஒரு நாள் முழுக்க கரன்ட் போற ஊர்ல இது பெரிய விஷயம், அம்மா பாக்கும்போது லைட் எரியுதுனு நிம்மதியா இருப்பாங்க, உள்ள பேட்டரி இறங்கிட்டிருக்கும். வாங்கின உடனே பேட்டரில மாட்டி, மோட் செலக்ட் பண்ணி, சுவர் சுவிட்ச ஆஃப் பண்ணி ஒரு நிமிஷம் விட்டு ஆன் பண்ணுங்க, எதையும் தொடாம திரும்ப சார்ஜிங் லைட் வரணும். வரலைனா அன்னைக்கே ரிட்டர்ன் பண்ணிடுங்க.

ரெண்டாவது வெயில். 25 டிகிரிக்கு சரியா இருக்கிற 13.8 வோல்ட், 40 டிகிரில அதிகம், பேட்டரிக்கு அப்ப 13.5 பக்கம் போதும். வெப்பத்துக்கு ஏத்த மாதிரி வோல்டேஜ குறைக்கிற வசதி இருக்கிற சார்ஜரா பாருங்க, பெட்டில டெம்பரேச்சர் காம்பென்சேஷன்னு போட்டிருக்கும். பனிப்பூ படம் போட்ட மோட் குளிர் நாட்டுக்கானது, அதுல வோல்டேஜ் அதிகம், நம்ம சாதா பேட்டரிக்கு அத போட்டு விட்டா தண்ணி வத்தும். ரீகண்டிஷன் மோடும் அப்படித்தான், 15.8 வரைக்கும் போகும், வண்டில மாட்டியிருக்கிற பேட்டரிக்கு அது வேணவே வேணாம், வண்டியோட எலக்ட்ரானிக்ஸ் பாதிக்கும்.

சார்ஜர எங்க வைக்கிறது

பானட்டுக்குள்ளயே சார்ஜர ஃபிக்ஸ் பண்ணி, 230 வோல்ட் ஒயர வெளிய விடற முறை ஒண்ணு இருக்கு, ஃபயர் இன்ஜின், ஆம்புலன்ஸ் எல்லாம் அப்படித்தான் ஷோர் பவர் பிளக் வச்சிருக்கும். வீட்டுக் காருக்கு அத நான் சொல்லவே மாட்டேன். பானட்டுக்குள்ள சூடு, அதிர்வு, மழைத்தண்ணி, போதாததுக்கு எலி, இதுக்கு நடுவுல 230 வோல்ட் போகக் கூடாது. ஒயர எலி கடிச்சு வண்டி பாடி முழுக்க கரன்ட் வந்தா, கவர எடுக்க கை வைக்கிற அம்மாவுக்குத்தான் அடிக்கும். சார்ஜர் சுவர்ல இருக்கட்டும், வண்டிக்குள்ள போறது 12 வோல்ட் ஒயர் மட்டும்.

சுவர்ல நெஞ்சளவு உயரத்துல, மழைச்சாரல் படாத, காத்து போற இடத்துல ஒரு ஸ்க்ரூவோ கிளாம்போ போட்டு மாட்டுங்க. மரப்பெட்டிக்குள்ள வச்சு மூடாதீங்க, சார்ஜர் சூடாகும். தரைல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு ஓட்டறதும் வேணாம், ஐப்பசி மழைல போர்டிகோல தண்ணி நிக்கும். எர்த் ஒழுங்கா இருக்கிற 5 ஆம்ஸ் மூணு பின் பாயிண்ட் ஒண்ணு எலக்ட்ரீஷியன வச்சு இழுத்துடுங்க, அந்த லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிஞ்சா உடனே லைன கட் பண்ற சுவிட்ச்) இருக்கானு கேளுங்க, இல்லாட்டி போடச் சொல்லுங்க. பாயிண்ட் ஈபி லைன்லயே இருக்கட்டும், இன்வெர்ட்டர் லைன்ல கொடுத்தா கரன்ட் போற நேரத்துல வீட்டு பேட்டரிய எடுத்து கார் பேட்டரிக்கு ஊத்திட்டிருக்கும், ஃபேனுக்கு வேண்டிய கரன்ட் வீணாப் போகும். கரன்ட் பில் பத்தி அப்பா கேப்பாரு, சொல்லிடுங்க, நிறைஞ்சப்புறம் சராசரியா 5 வாட் எடுத்தாலும் மாசத்துக்கு 3.6 யூனிட்தான்.

ஒயர் வேலை

தேவையானது இவ்வளவுதான். சிவப்பு, கறுப்பு 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர், ரெண்டு ரிங் லக் (ஒயர் முனைல மாட்டுற உலோக வளையம்), பிளேடு ஃபியூஸ் போடற ஒரு ஃபியூஸ் ஹோல்டர், 4 ஆம்பியர் சார்ஜருக்கு 7.5 ஆம்பியர் ஃபியூஸ், 12 வோல்ட் ஒயருக்குனு வர்ற ஒரு ஜோடி ரெண்டு பின் பிளக் (வீட்டு சுவர்ல சொருகுறது இல்ல), நெளி நெளியா இருக்கிற ஃப்ளெக்ஸிபிள் பைப், கேபிள் டை, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினா சுருங்கி இறுகுற உறை). நல்ல சார்ஜரோட பெட்டில ரிங் லக் வச்ச ரெடிமேட் ஒயர் ஒண்ணு வரும், ஃபியூஸும் அதுலயே இருந்தா பாதி வேலை முடிஞ்சது. ஒயர் நீளம் வண்டில இருந்து சுவர் வரைக்கும் மூணு மீட்டருக்கு மேல போனா 2.5 ஸ்கொயர் எம்எம் போடுங்க.

பேட்டரி டெர்மினல்ல வெள்ளையாவோ பச்சையாவோ பூத்திருந்தா முதல்ல அத சுத்தம் பண்ணணும். வெந்நீர்ல ஆப்ப சோடா கலந்து பழைய டூத் பிரஷால தேய்ச்சா நுரைச்சு வந்துடும், மூடி ஓட்டைக்குள்ள மட்டும் அந்தத் தண்ணி இறங்கக் கூடாது. கைல மோதிரம், செயின், இரும்பு ஸ்ட்ராப் வாட்ச் இருந்தா கழட்டிடுங்க, பேட்டரி பாசிட்டிவுக்கும் பாடிக்கும் நடுவுல மோதிரம் மாட்டினா விரலையே சுட்டுடும்.

கழட்டறதுக்கு 10-ம் நம்பர் ஸ்பானர் போதும், பெரும்பாலான கார்ல அதுதான். முதல்ல நெகட்டிவ், அப்புறம் பாசிட்டிவ். இத மாத்தக் கூடாது, ஏன்னா நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவ கழட்டினா ஸ்பானரோட மறுமுனை பானட்லயோ பிராக்கெட்லயோ பட்டாலே நேரா ஷார்ட், தீப்பொறி பறக்கும். பேட்டரி மேல ஹைட்ரஜன் நின்னா, காத்துல 4 சதவீதம் இருந்தாலே வெடிக்கிற வாயு அது. மாட்டும்போது தலைகீழா, பாசிட்டிவ் முதல்ல, நெகட்டிவ் கடைசில.

ரிங் லக்க ஒயர்ல கிரிம்ப் பண்ணும்போது (அழுத்தி இறுக்கும்போது) கட்டிங் பிளையர்ல நசுக்கி விட்டுடாதீங்க, கிரிம்பிங் டூல் இருக்கிற எலக்ட்ரிக்கல் கடைல கொடுத்தா அங்கயே போட்டுக் கொடுப்பாங்க. போட்டப்புறம் ஒரு கையால லக்கையும் ஒரு கையால ஒயரையும் பிடிச்சு பலமா இழுத்துப் பாருங்க, வந்துச்சுனா அது வண்டி அதிர்வுக்கு தாங்கியிருக்காது. இழுத்து நின்னா மேல ஹீட் ஷ்ரிங்க் ஏத்தி லைட்டர் காட்டுங்க, இத பேட்டரில இருந்து தள்ளி உக்காந்து செய்யுங்க.

சிவப்பு ஒயரோட லக்க பாசிட்டிவ் கிளாம்ப் போல்ட்ல, நட்டுக்கு அடில வச்சு டைட் பண்ணணும். ஈய டெர்மினலுக்கும் கிளாம்புக்கும் நடுவுல சொருகாதீங்க, கிளாம்ப் பிடிப்பு போயிடும், செல்ஃப் அடிக்கும்போது அந்த இடம் சூடாகும். ஃபியூஸ் ஹோல்டர் பேட்டரில இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள வரணும். இத நிறைய பேர் பிளக் பக்கத்துல போடுவாங்க, அப்படிப் போட்டா பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவுல இருக்கிற ஒயர் நசுங்கி பாடில பட்டா ஃபியூஸ் என்ன பண்ணும், ஒயர்தான் பத்தி எரியும். சார்ஜர் பக்கம் ஷார்ட் ஆனாலும் கரன்ட் கொட்டுறது பேட்டரில இருந்துதான், அதனால காவல் பேட்டரி பக்கத்துலதான் இருக்கணும்.

கறுப்பு ஒயருக்கு ஒரு விஷயம் கவனிக்கணும். கொஞ்சம் புது வண்டிகள்ல, சிக்னல்ல தானா ஆஃப் ஆகி ஆன் ஆகுற வசதி இருக்கிற கார்கள்ல, நெகட்டிவ் கிளாம்ப்ல சின்னதா ஒரு கறுப்பு டப்பா, அதுல இருந்து மெல்லிசா ஒரு ஒயர் போகும். அது பேட்டரிக்குள்ள எவ்வளவு கரன்ட் போகுது வருதுனு கணக்கு வைக்கிற சென்சார். அந்த வண்டில நெகட்டிவ நேரா பேட்டரி டெர்மினல்ல கொடுத்தா நாம ஏத்தின சார்ஜ் அதோட கணக்குல வராது. இன்ஜின் பே-ல பாடியோட சேர்ந்த எர்த் போல்ட் ஒண்ணு இருக்கும், கறுப்பு லக்க அதுல மாட்டுங்க. சென்சார் இல்லாத பழைய வண்டினா நெகட்டிவ் கிளாம்ப் போல்ட்லயே போட்டுக்கலாம். மைல்ட் ஹைப்ரிட் வண்டில (இன்ஜினுக்கு ஒரு சின்ன மோட்டாரும் துணையா இருக்கிற வண்டி) சீட்டுக்கு அடில இன்னொரு லித்தியம் பேட்டரி இருக்கும், அத தொடவே வேணாம், நம்ம வேலை பானட்டுக்குள்ள இருக்கிற 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியோட மட்டும்.

ஒயர் போற வழிய பொறுமையா பாருங்க. ரேடியேட்டர் ஃபேன், பெல்ட், சைலன்சர் மேனிஃபோல்ட் மூணுக்கும் தூரமா, வண்டில ஏற்கனவே போற ஒயர் கட்டோட சேர்த்து ஃப்ளெக்ஸிபிள் பைப்புக்குள்ள விட்டு ஒவ்வொரு சாணுக்கும் ஒரு கேபிள் டை. தகட்டு ஓட்டை வழியா போனா ரப்பர் புஷ் போடாம விடாதீங்க, தகட்டு விளிம்பு ஒரு வருஷத்துல ஒயர அறுத்துடும். பைப்போட ரெண்டு வாயையும் டேப் சுத்தி மூடிடுங்க, இல்லாட்டி சின்ன எலி உள்ளயே வந்துடும். பிளக் வெளிய வர்ற இடம் முன்னாடி கிரில்லு பக்கத்துல, டிரைவர் கதவு பக்கமா இருக்கட்டும், வண்டில ஏற வர்றவங்க கண்ணுல ஒயர் பட்டே ஆகணும்.

ரெண்டு பின் பிளக்ல ஒரு பின் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், இன்னொண்ணு ரப்பருக்குள்ள மூடி இருக்கும். வண்டி பக்கத்து பிளக்ல மூடி இருக்கிற பக்கம்தான் பாசிட்டிவா இருக்கணும். வெளிய தெரியுற பின் நெகட்டிவா இருந்தா பாடில பட்டாலும் ஒண்ணும் ஆகாது, பாசிட்டிவா இருந்தா தீப்பொறிதான். ஆன்லைன்ல வாங்குற சில ஒயர்ல கலர் மாறி வருது, அதனால கலர நம்பாம ரெண்டு பக்கமும் மல்டிமீட்டர் வச்சுப் பாத்துட்டே சார்ஜர சேருங்க. அப்புறம் அதுக்குனு வர்ற ரப்பர் மூடி ஒண்ணு, வண்டி ஓடும்போது சேறு தண்ணி ஏறாம இருக்க கட்டாயம் வேணும்.

முதல் ரெண்டு நாள்

எல்லாம் மாட்டினப்புறம் முதல்ல 12 வோல்ட் பிளக், அதுக்கப்புறம்தான் சுவர் சுவிட்ச். எடுக்கும்போது முதல்ல சுவர் சுவிட்ச், அப்புறம் பிளக். பேட்டரில மீட்டர் வச்சா வோல்டேஜ் மெதுவா ஏறி 14.4 பக்கம் போகும், சில மணி நேரத்துல 13.5 பக்கம் இறங்கி நிக்கணும், நிறைஞ்சதும் ஆஃப் ஆகுற டைப்னா 12.8, 13-னு காட்டும். மறுநாள் காலைல பேட்டரி பக்கவாட்டுல கை வச்சுப் பாருங்க. சுத்தி இருக்கிற மாதிரியே இருக்கணும், லேசான வெதுவெதுப்பு பரவால்ல, தொட முடியாத சூடு, அழுகின முட்டை வாடை, பக்கம் உப்பிப்போயிருக்கிறது இதுல எது இருந்தாலும் உடனே சுவர் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு பேட்டரிய மாத்துங்க. ஒரு நாள் கழிச்சும் ஃபுல் லைட் வராம ஏறிக்கிட்டே இருந்தாலும் அதே முடிவுதான்.

இன்னொரு டெஸ்ட் இருக்கு, யாரும் பண்றதில்ல. சுவர் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு, பிளக் வண்டியோட இணைஞ்சிருக்கும்போதே சார்ஜர் திருப்பி பேட்டரில இருந்து எவ்வளவு இழுக்குதுனு ஃபியூஸ் இடத்துல மீட்டர் வச்சுப் பாருங்க. நல்ல சார்ஜர்னா ஒண்ணு ரெண்டு மில்லி ஆம்பியருக்குள்ள இருக்கும். இருபது முப்பதுனு காட்டினா கரன்ட் இல்லாத நேரமெல்லாம் அதுவே பேட்டரிய குடிக்கும், அந்த சார்ஜர் வேணாம்.

ஊர விட்டு கிளம்பறதுக்கு முன்னாடி அம்மாவயோ அப்பாவயோ நிக்க வச்சு அவங்க கையாலயே மாட்டி எடுக்க வைங்க. சார்ஜருக்கு மேல சுவர்ல பெரிய எழுத்துல ஒரு தாள் ஒட்டுங்க: வண்டிய எடுக்க முன்னாடி சுவிட்ச் ஆஃப், பிளக்க உருவு. பச்சை லைட் எரிஞ்சா நல்லா இருக்கு. சிவப்பு எரிஞ்சா இல்ல எதுவும் எரியலைனா எனக்கு போன் பண்ணு. இடி மின்னல்னா சுவிட்ச் ஆஃப் பண்ணி சுவர் பிளக்கையும் உருவு. இவ்வளவு போதும், வேற எதையும் எழுதிக் குழப்ப வேணாம். கார் சாவிய சார்ஜர் பக்கத்துலயே ஒரு ஆணில மாட்டிடுங்க, சாவி எடுக்க வர்ற யாருக்கும் ஒயர் ஞாபகம் வரும், அவசரத்துல பிளக்கோட வண்டிய எடுத்து ஒயர பிச்சுக்கிட்டு போறது நடக்காது.

பேட்டரி மேல தண்ணி ஊத்துற மூடி இருக்கிற டைப்னா ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் யாராவது திறந்து பாக்கணும், தகடு முங்கி அளவுக் கோடு வரைக்கும் டிஸ்டில் வாட்டர் இருக்கணும். போர் தண்ணி, மினரல் வாட்டர், ஆசிட் எதுவும் கூடாது. மூடி இல்லாத சீல்டு பேட்டரினா இந்த வேலையும் இல்ல. வருஷத்துக்கு ஒருதரம் நீங்க ஊருக்கு வரும்போது லக் நட்டு லூசாகியிருக்கானு ஒரு சுத்து டைட் பண்ணி, எலி கடிச்சிருக்கானு பைப் முழுக்க கை ஓட்டிப் பாத்து, ஃபுல் சார்ஜ்ல இருந்து எடுத்து ஒரு ராத்திரி விட்டு வோல்டேஜ் பாத்துடுங்க. நாலஞ்சு வருஷம் ஆன பேட்டரிய சார்ஜர நம்பி இழுக்க வேணாம்.

மத்த வண்டிகளுக்கு

பைக் புல்லட்டுக்கும் இதே வேலைதான், சீட்டுக்கு அடில இருந்து ஒயர வெளிய விட்டுக்கலாம், ஆனா பேட்டரி கார் பேட்டரிய விட ரொம்ப சின்னது, 1 ஆம்பியருக்கு மேல இருக்கிற சார்ஜர மாட்டாதீங்க, ஃபியூஸ் 3 ஆம்பியர் போதும். யாராவது லித்தியம் பேட்டரி மாத்தியிருந்தா சாதா லெட் ஆசிட் சார்ஜர் ஆகாது, அதுக்கான மோட் இருக்கணும். பழைய டிராக்டர், பழைய அம்பாசிடர் மாதிரி கம்ப்யூட்டர் இல்லாத வண்டில சும்மா இழுக்கிற கரன்டே கிட்டத்தட்ட இல்ல, நெகட்டிவ் லைன்ல ஒரு திருகுற கட்-ஆஃப் சுவிட்ச் போட்டு, மாசத்துக்கு ஒரு ராத்திரி மட்டும் சார்ஜர் போட்டா போதும்.

அபார்ட்மென்ட் பார்க்கிங்ல பிளக் பாயிண்டே இல்லாதவங்க என்ன பண்றதுனா, வெயில் படுற இடமா இருந்தா 10, 20 வாட் சோலார் பேனல், நடுவுல ஒரு சின்ன சார்ஜ் கன்ட்ரோலர், அதே ஃபியூஸ், அதே பிளக். கன்ட்ரோலர் இல்லாம பேனல நேரா பேட்டரில கொடுக்காதீங்க, வெயில் நேரத்துல 17, 18 வோல்ட்டுக்கு மேலயும் வரும். பேஸ்மென்ட்ல வெயிலும் இல்ல பிளக்கும் இல்லனா கட்-ஆஃப் சுவிட்ச்தான் வழி. அப்படி கட் பண்ணினா ரிமோட் லாக் வேலை செய்யாது, சாவி போட்டுத்தான் கதவ திறக்கணும், டிக்கில மட்டும் பட்டன் லாக் இருக்கிற வண்டினா டிக்கிக்குள்ள எதையும் வச்சுப் பூட்டிட்டு கட் பண்ணாதீங்க. திரும்ப கனெக்ட் பண்ணும்போது கடிகாரம் தப்பா காட்டும், சில வண்டில கண்ணாடி ஒரே தட்டுல ஏறாது, பட்டன கடைசி வரைக்கும் பிடிச்சு ஏத்தி ரெண்டு மூணு செகண்ட் விடாம பிடிச்சிருந்தா சரியாயிடும்.